அந்தக் காலத்து ஒரு வெள்ளி: அசலா, போலியா?

(தொலைக்காட்சிக் கருத்துமன்றத்தில் நிகழ்த்திய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



மீன் கடையில் நின்று, "கிலோ எத்தனை வெள்ளி?" என்று கேட்கிறோம். சம்பளம், வாடகை, மொய் என்று எல்லாக் கணக்கையும் வெள்ளியில்தான் போடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்கு இது வேடிக்கையாக இருக்கும். "வெள்ளி என்றால் கொலுசு செய்கிற வெள்ளியா?" என்று கேட்பார்கள். நாமும் சிரித்துவிட்டு, "ரிங்கிட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம்" என்று விளக்குவோம்.

ஆனால் அவர்கள் கேட்டது சரியான கேள்வி. கொலுசு செய்கிற அதே வெள்ளிதான்! இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் நோட்டிலும் சில்லறையிலும் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. நம் பாட்டன், பூட்டன் காலத்தில் ஒரு வெள்ளி என்பது கையில் வைத்தால் கனக்கும் உலோகம். 1903ஆம் ஆண்டு அச்சான ஒரு டாலர் காசின் எடை 26.95 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு சுத்த வெள்ளி. காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது. பெயர் மட்டும் நம் நாக்கில் தங்கிவிட்டது.

'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லின் கதையும் இதே போன்றதுதான். பல்பல்லாக இருப்பது என்பது அதன் பொருள். பழைய ஸ்பானிய வெள்ளி டாலரின் விளிம்பைக் குறித்த பெயர் அது. மலாய்க்காரர்கள் விளிம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் உலோகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம்.

இந்தக் காசுகள் இன்னமும் நம் வீடுகளில் இருக்கின்றன. குளுவாங், சிகாமட், லாபிஸ், மூவார் பக்கத்துத் தோட்டங்களை விட்டு நம்மவர்கள் தாமான்களுக்குக் குடிவந்தபோது, தகரப் பெட்டியோடு அவையும் கூடவே வந்தன. சாமி மேடையில் ஒன்று இருக்கும். பாட்டியின் சுருக்குப் பையில் நாலைந்து இருக்கும். பெரியவர்கள் மறைந்த பிறகு, அது என்ன காசு, எங்கிருந்து வந்தது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

விளைவு என்ன? ஒரு பக்கம், நல்ல காசை எடைக்குப் போட்டு உருக்கக் கொடுத்துவிடுகிறோம். இன்னொரு பக்கம், இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கிற போலிக் காசைப் புதையல் என்று நம்பிச் சேமிப்பைக் கொட்டுகிறோம். இரண்டிலும் நட்டம் நமக்குத்தான்.

அதனால் இன்றைய உரையில் இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "இது வெள்ளியா?" என்பது ஒன்று. "இது அசலா?" என்பது மற்றொன்று. பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்குத் தராசு பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு வரலாறுதான் பதில் சொல்ல வேண்டும்.

நோட்டம் பார்த்த பரம்பரை

காசு பார்க்கும் கலை நமக்குப் புதிதல்ல. சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று பெயர்கள் வரும். வண்ணக்கன் என்றால் நாணயத்தைச் சோதித்து நல்லது, கெட்டது சொல்பவன். காசு பார்ப்பவர் கவிதையும் எழுதியிருக்கிறார்!

'நோட்டம் பார்த்தல்' என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். காசைச் சோதிப்பதற்கு நோட்டம் என்றும், அந்த வேலை செய்பவருக்கு நோட்டக்காரர் என்றும் தமிழில் பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நாணயம்' என்ற ஒரே சொல்லைக் காசுக்கும் நேர்மைக்கும் சேர்த்து வைத்திருப்பவர்கள் நாம்.

நாம் வாழும் இந்தத் தீபகற்பத்திலேயே இதற்கு ஒரு சான்று கிடைத்திருக்கிறது. தென் தாய்லாந்தில், கிராபி மாநிலத்தில் உள்ள குளோங் தோம் என்ற இடத்தில் ஒரு சிறிய உரைகல் கண்டெடுக்கப்பட்டது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லருடைய கல் என்று ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். காலம் ஏறத்தாழ கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாற்று உரைத்துப் பார்க்க ஒரு தமிழர் இந்தக் கரையில் கல்லோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பரம்பரையில் வந்த நாம், காசைத் திருப்பிப் பார்க்காமல் ஏமாறலாமா?

ஜொகூருக்கு வந்த டாலர்கள்

பழைய ஜொகூர் சுல்தானகத்தின் பெயரோடு அறியப்படும் காசுகள் தங்கத்திலும் வெள்ளீயத்திலும் செய்தவை. ஆகவே, "முன்னூறு வருடத்து ஜொகூர் சுல்தான் வெள்ளிக் காசு" என்று யாராவது நீட்டினால், பணப்பையைத் திறக்காமல் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஜொகூரில் புழங்கிய வெள்ளி வெளியிலிருந்து வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் ஜொகூர் சேரவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஜொகூரின் காம்பீர், மிளகுத் தோட்டங்களுக்கு முதல் போட்டவர்களும் விளைச்சலை வாங்கியவர்களும் சிங்கப்பூரில் இருந்தார்கள். அங்கே எந்தக் காசு ஓடியதோ, அதுவே ஆற்றோரத் தோட்டங்கள் வரைக்கும் வந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்திய ரூபாயை இங்கே புகுத்தப் பார்த்தது. வியாபாரிகள் டாலரை விடவில்லை. 1867 ஏப்ரல் 1ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாகப் பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தன. அதே நாளிலிருந்து ஹாங்காங், ஸ்பெயின், மெக்சிகோ, பெரு, பொலிவியா ஆகியவற்றின் வெள்ளி டாலர்கள் சட்டப்படி செல்லும் பணமாயின. பூமியின் மறுபக்கத்தில் தோண்டிய வெள்ளி, மூவார் ஆற்றங்கரையில் மிளகுக்கு விலையானது!

இவற்றில் அதிகம் புழங்கியது மெக்சிகோ டாலர். ஒரு பக்கம் பாம்பைக் கவ்விய கழுகு. மறுபக்கம் கதிர் வீசும் தொப்பி. எடை 27.07 கிராம். அதைப் பிடித்து நோட்டம் பார்த்த சீன வணிகர்கள், நல்ல வெள்ளி என்று உறுதி சொல்ல அதன் மேலேயே சின்னதாக ஒரு சாப் அடிப்பார்கள். கை மாற மாற சாப்பும் கூடிக்கொண்டே போகும். உங்கள் வீட்டுக் காசில் சின்னச் சின்னச் சீன எழுத்துக் குத்துகள் இருந்தால், யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது அந்தக் காலத்துத் தரச் சான்றிதழ். ஆனால் போலி செய்பவர்களுக்கும் இது தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ டாலர் போதாமல் போனபோது, 1895இல் பிரிட்டிஷ் வணிக டாலர் வந்தது. கையில் திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா உருவம், பின்னால் கப்பல். மறுபக்கம் சீனத்திலும் ஜாவியிலும் 'ஒரு டாலர்'. பெரும்பாலும் பம்பாயில் அச்சானவை. பம்பாய் என்பதைக் காட்டும் 'பி' என்ற ஆங்கில எழுத்து திரிசூலத்தின் நடு முள்ளில் பொடியாக இருக்கும். இந்தக் காசு 1895இல் தொடங்கி 1935 வரைதான் அச்சானது. 1895க்கு முந்தைய ஆண்டு போட்ட பிரிட்டிஷ் வணிக டாலரைப் பார்த்தால், எடை போடும் சிரமம்கூட வேண்டாம், போலிதான்.

ஒரே பெயர், மூன்று எடை

இப்போது நம் 'ஒரு வெள்ளி'க்கு வருவோம். 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்த டாலர் பிறந்தது. ஒரு பக்கம் முடி சூடிய ஏழாம் எட்வர்ட் மன்னர், வலப்பக்கம் பார்த்தபடி. மறுபக்கம் சீனத்திலும் ஜாவியிலும் மதிப்பு. முதல் காசுகள் பம்பாயில்தான் அச்சாயின. நம்மவர்கள் வந்த அதே வங்கக் கடல் வழியில் நம் வெள்ளியும் வந்தது என்று சொல்லலாம்.

1906இல் அரசாங்கம் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலையாகக் கட்டியது. அங்கேதான் சிக்கல். காசின் மதிப்பு கட்டிப் போட்டாகிவிட்டது. வெள்ளியின் சந்தை விலையோ ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில், காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்தது. விட்டால் ஊரில் ஒரு காசுகூட மிஞ்சாது! எனவே 1907இல் காசைச் சிறியதாக்கினார்கள். முதல் உலகப் போரையொட்டி வெள்ளி விலை மறுபடியும் எகிறியது. 1919இல் இன்னும் குறைத்தார்கள். இந்தத் தடவை எடையும் குறைந்தது, மாற்றும் பாதியாகிவிட்டது.

இந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1903, 1904: 26.95 கிராம், நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. உள்ளே சுத்த வெள்ளி சுமார் 24.26 கிராம்.

1907, 1908, 1909: 20.21 கிராம், நூற்றுக்கு 90 பங்கு. உள்ளே சுமார் 18.19 கிராம்.

1919, 1920: 16.85 கிராம், நூற்றுக்கு 50 பங்கு. உள்ளே சுமார் 8.42 கிராம்.

பெயர் ஒன்றுதான், 'ஒரு டாலர்'. ஆனால் பதினாறு ஆண்டுகளில் உள்ளே இருந்த வெள்ளி மூன்றில் ஒரு பங்காகக் கரைந்துவிட்டது. பழைய வெள்ளி வாங்க வருபவர் மூன்றையும் ஒரே கைப்பிடியில் அள்ளி, "எல்லாம் ஒரே விலை" என்று சொன்னால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

போலியைப் பிடிக்கவும் இதே கணக்குதான் கை கொடுக்கிறது. 1903 என்று ஆண்டு போட்டு எடை 22 கிராம் வந்தால், அது அந்தக் காசே அல்ல. நூறு வருடம் புழங்கித் தேய்ந்த காசு கால் கிராமோ அரை கிராமோ குறையலாம். ஐந்து கிராம் குறையாது. அதேபோல் 1925, 1926ஆம் ஆண்டு டாலர்கள் மிக மிக அரியவை. அவை இரவுச் சந்தைக் கூடையில் கிடைப்பது நடக்காத காரியம்.

சில்லறைக் காசுகளின் கதை வேறு. 20 காசு 5.43 கிராம், 10 காசு 2.71 கிராம், 5 காசு 1.36 கிராம். விக்டோரியா மகாராணி காலத்தில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. பிறகு 60 ஆனது. முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் 40க்கு இறங்கி, 1920களின் நடுவில் மறுபடி 60க்கு ஏறியது. எடை மாறவில்லை, மாற்று மட்டும் மாறியது. டாலரை எடை காட்டிக் கொடுக்கும். சில்லறையை ஆண்டுதான் காட்டிக் கொடுக்கும்.

1938இல் மலாயா முழுவதற்கும் ஒரே நாணய ஆணையர் வாரியம் அமைந்தது. ஜொகூரும் அதில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த 'மலாயா' காசுகளில் டாலர் காசு கிடையாது. 20 காசுதான் பெரியது. 1939, 1941இல் நூற்றுக்கு 75 பங்கு வெள்ளி. 1943, 1945இல் 50 பங்கு. 1948 முதல் செம்பும் நிக்கலும் கலந்த காசுகள் வந்தன. அதோடு நம் சில்லறையிலிருந்து வெள்ளி விடைபெற்றது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1943 என்று போட்ட மலாயாக் காசு, 1943இல் மலாயாவில் புழங்கியிருக்க முடியாது. அப்போது இங்கே ஜப்பான்காரர் ஆட்சி. வாழைமர நோட்டுதான் பணம். 1945இல் ஜப்பான் தோற்றதும் அந்த நோட்டுகள் செல்லாதவை ஆயின. மூட்டை மூட்டையாக நோட்டு வைத்திருந்தவர் கையில் காகிதம்தான் மிஞ்சியது. பழைய வெள்ளிக் காசு நாலை ஒளித்து வைத்திருந்தவர் கையில் வெள்ளி மிஞ்சியது. நம் பாட்டிமார்கள் காசை முந்தானையில் முடிந்து வைத்ததை இனிமேல் கேலி செய்யாதீர்கள்.

கப்பலில் வந்த ரூபாய்

நம் வீட்டுப் பெட்டிகளில் டாலரோடு இந்திய ரூபாயும் கிடக்கும். ரஜுலா போன்ற கப்பல்களில் ஏறி வந்தவர்கள் இடுப்பில் முடிந்து கொண்டுவந்தது. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் மிச்சம் வைத்தது. சில ரூபாய்கள் காசுமாலையாகவும் தாலிக்கொடியில் கோத்த காசாகவும் வந்திருக்கும்.

இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1939 வரை நூற்றுக்கு சுமார் 92 பங்கு வெள்ளி. 1940 முதல் பாதி வெள்ளி. 1947இல் முழுக்க நிக்கல்.

இதில் தலையும் பட்டமும் முக்கியம். விக்டோரியா இடப்பக்கம் பார்ப்பார், எட்வர்ட் வலப்பக்கம், ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம். 1876 வரை அச்சான இந்திய ரூபாயில் விக்டோரியா 'ராணி'. 1877 முதல் 'பேரரசி'. 1862 என்று ஆண்டு போட்டு 'பேரரசி' என்று எழுதியிருந்தால், செய்தவருக்கு வரலாறு தெரியவில்லை என்று அர்த்தம்! எட்வர்ட் மன்னர் 1910இல் காலமானார். 1912 என்று ஆண்டு போட்ட காசில் அவர் தலை இருந்தால் அதுவும் அதே கதைதான்.

1911ஆம் ஆண்டு ரூபாய்க்கு ஒரு சுவையான கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் செதுக்கிய யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்துவிட்டது. மக்கள் முகம் சுளித்தார்கள். அரசு காசைத் திரும்பப் பெற்று உருக்கி, 1912இல் தும்பிக்கையைத் தெளிவாகக் காட்டி மறுபடி அச்சடித்தது. அதனால் 1911 ரூபாய் குறைவாகவே மிஞ்சியது. உங்களிடம் இருந்தால் பத்திரம்.

இன்னொரு வகையைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆங்கிலத்தில் எழுதி, 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, லட்சுமி, அனுமான், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த காசுகள் உலவுகின்றன. இவை கம்பெனி வெளியிட்ட பணம் அல்ல; பிற்காலத்தில் செய்த வில்லைகள். கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரியான, மன்னர் தலை போட்ட ரூபாயை வெளியிடத் தொடங்கியதே 1835இல்தான். சாமி படம் இருப்பதால் பூஜையில் வையுங்கள், தப்பில்லை. ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து வாங்காதீர்கள்.

தராசும் தண்ணீரும்

சரி, கையில் ஒரு காசு இருக்கிறது. வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

முதலில் காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஆனால் உடனே போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1947ஆம் ஆண்டு இந்திய ரூபாய் நிக்கல் என்பதால் காந்தத்தில் ஒட்டும், ஆனாலும் அசல். இதையே மாற்றிச் சொன்னால், காந்தத்தில் ஒட்டாததெல்லாம் வெள்ளியும் அல்ல. செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் ஒட்டாது.

அடுத்து எடை. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன மின்தராசு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. ஆர்க்கிமிடிஸ் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுவதும் மூழ்க வேண்டும், அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது, நீர்க்குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி கிடைக்கும்.

1903 டாலரை இறக்கினால் தராசு சுமார் 2.61 காட்டும். 26.95ஐ அதனால் வகுத்தால் 10.3. இது 90 பங்கு வெள்ளிக்குரிய எண். அதே எடையில் செம்பு நிக்கல் கலவையால் செய்த போலியை இறக்கினால் 3.03 காட்டும், வகுத்தால் 8.9தான் வரும். 1919 டாலருக்கு 9.7 அளவில் வரும். ஐந்து காசு போன்ற பொடிக் காசுக்கு இந்த முறை சரிப்படாது. அது தள்ளும் தண்ணீரே 0.13 கிராம் அளவுதான். தராசின் சிறு பிழையே கணக்கைக் கவிழ்த்துவிடும்.

கல்லாவில் உட்கார்ந்த பெரியவர்கள் காசை மேசையில் தட்டி ஓசை கேட்பார்கள். நல்ல வெள்ளி நீளமாக ரீங்கரிக்கும்; ஈயம் 'தொப்' என்று அடங்கிவிடும். மேசையில் போடாமல், விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெதுவாகத் தட்டினால் காசுக்குக் காயம் வராது. நகைக்கடைகள் சிலவற்றில் கதிர் பாய்ச்சி உலோகம் சொல்லும் கருவியும் இருக்கிறது. அதில் காசைச் சுரண்டவே வேண்டாம். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். தடிப்பான முலாம் அதை ஏமாற்றக்கூடும். எனவே எடையையும் சேர்த்தே பாருங்கள்.

வெள்ளிதான், ஆனால் அசல் அல்ல

இதுவரை சொன்னதெல்லாம் முதல் கேள்விக்குப் பதில். கெட்டிக்காரப் போலிக்காரர் நல்ல வெள்ளியிலேயே போலி செய்வார். ஏன்? அரிய ஆண்டுக் காசின் விலை, உள்ளே இருக்கும் வெள்ளியின் விலையைப்போல் பல மடங்கு இருக்கும். அப்போது தராசு வாய் திறக்காது. பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டும்.

அசல் காசு அச்சில் வைத்து அடித்தது. எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். தேய்ந்திருந்தால், மேடான இடங்கள் முதலில் தேய்ந்திருக்கும். மன்னரின் கன்னமும் கிரீடமும் மழுங்கியிருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலியில் எழுத்து சோப்புக் கட்டிபோல் வழவழவென்று இருக்கும். பொடிப் பொடியாகக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒட்டுப் போட்ட கோடு தெரியலாம்.

விளிம்பு வரிகளைக் கவனியுங்கள். சீராக, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். அந்த வரிகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கப் போட்டவை. புவியீர்ப்பைக் கண்ட ஐசக் நியூட்டன், 1696 முதல் லண்டன் அக்கசாலையில் பொறுப்பில் இருந்தார். கள்ளக் காசு அடித்த வில்லியம் சாலனரைத் துரத்திப் பிடித்து, 1699இல் தூக்கு மேடைக்கு அனுப்பியவரும் அவர்தான். அவ்வளவு பெரிய அறிவாளிக்கே வேலை வைத்த தொழில் இது!

ஆகவே பெரிய தொகை கொடுத்து வாங்குவதற்கு முன், பட்டியல் நூலைப் பாருங்கள். சரண் சிங் எழுதி 1986இல் வெளிவந்த மலேசியா, சிங்கப்பூர், புருணை நாணயக் கலைக்களஞ்சியம் இத்துறையில் அடிப்படையான நூல். ஆங்கிலத்தில் உள்ளது. கோலாலம்பூர் சென்றால், சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தில் அசல் காசுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். அசலை நூறு தடவை பார்த்த கண்ணுக்குப் போலி தானாகத் தெரியும்.

புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம்

தீபாவளிக்கு முன் குத்துவிளக்கு தேய்க்கும்போது, பழைய காசையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். தயவுசெய்து வேண்டாம். வெள்ளி கறுப்பது, காற்றில் உள்ள கந்தகம் படிவதால். அந்தக் கறுப்பு காசின் வயதைச் சொல்லும் தோல். தேய்த்தால் பளபளப்பு வரும். ஆனால் முகத்தின் நுட்பமான கோடுகள் போய்விடும், விலையும் போய்விடும். உரைகல்லில் உரைப்பதும் அமிலம் விடுவதும் நகைக்குச் சரி, காசுக்குச் சரியல்ல. ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள்.

அரங்கிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி: என் பாட்டியின் காசில் வளையம் பற்றவைத்திருக்கிறது. மதிப்பு உண்டா?

பதில்: சேகரிப்பவர் குறைத்துத்தான் மதிப்பிடுவார். வெள்ளியின் விலை நிச்சயம் உண்டு. ஆனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். 1920களின் பிற்பகுதியில் தோட்டத்தில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பால்மரம் வெட்டிய ஒரு பெண் அந்த ஒரு வெள்ளியைச் சேர்க்க இரண்டரை நாள் வேலை செய்ய வேண்டும், சாப்பிடாமல் இருந்தால்! உங்கள் பாட்டி அதைச் செலவழிக்காமல் கழுத்தில் போட்டிருக்கிறார். வளையத்தைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: விற்க வேண்டிய கட்டாயம் வந்தால்?

பதில்: முதலில் உள்ளே இருக்கும் சுத்த வெள்ளியின் எடையைக் கணக்குப் போட்டு, அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே போகவே கூடாது. பிறகு இரண்டு, மூன்று இடத்தில் விலை கேளுங்கள். காசைக் கண் பார்வையிலிருந்து விடாதீர்கள். முன்கூட்டியே படமெடுத்து, எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துபவரிடம் விற்காதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள்.

கேள்வி: நிலத்தில் தோண்டும்போது பழைய காசு கிடைத்தால் நமக்கே சொந்தமா?

பதில்: 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. மரபு மதிப்புள்ள பொருள் என்று தோன்றினால், மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் வழிவழியாக வந்தது வேறு. மண்ணிலிருந்து எடுத்தது வேறு.

நேயர்களே, இந்த வாரக் கடைசியில் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பழைய காசுகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். ஆண்டு, எடை, மன்னர் தலை மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் அந்தத் தாளைக் காட்டி, "இது யார் கொண்டு வந்தது?" என்று கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று அவர் சொல்வதையும் அதே தாளில் எழுதிக் காசோடு உறையில் போடுங்கள். காசைப் பற்றிய மற்ற விவரங்களை எப்போது வேண்டுமானாலும் நூலில் பார்த்துக்கொள்ளலாம். இந்த விவரம் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.